துரைராஜுக்கு அடித்த போஸ்டர்

அந்தப் போஸ்டரை அச்சடித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால், இவ்வளவு நேரம் மறைத்துவைத்துக் கதை அளந்தான் என்பீர்கள். அந்தப் பேச்செல்லாம் எனக்கு ஆகாது.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரஸ். எழுத்துக் கோர்ப்பதிலிருந்து மிஷின் ஓட்டுவது, கூட்டிப் பெருக்குவது வரை கபாலி என்கிற ஒரே ஆள்தான், அது நான். குடியிருப்பு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், ஆற்றோரம் கடைசி பிளாக். கீழ்வீடு எனக்கு. நேர் மேலே முதல் மாடியில் துரைராஜ், அவன் பெண்டாட்டி சுப்பம்மா, பெண் நிஷா. மேலே சொம்பு உருண்டால் கீழே எனக்குத் தூக்கம் போய்விடும். ஆகவே அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் இருந்ததில்லை.

துரைராஜுக்கு மொசைக் பாலிஷ் வேலை. தொண்ணூறுகளில் மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு என்று பழைய வீடுகளை இடித்து இடித்து பிளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லா பிளாட்டுக்கும் மொசைக் தரை. போட்டு ஆறிய தரை சொரசொரவென்று கிடக்கும். அதன்மேல் தண்ணீர் ஊற்றி ஊற்றி, அடியில் கல் மாட்டிய மிஷினைத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல் என்று மாற்றி மாற்றித் தேய்க்கத் தேய்க்கத் தரைக்குள்ளிருந்து சிவப்பும் கறுப்புமாகச் சில்லுகள் கண் திறக்கும். மூலைக்கு மிஷின் போகாது. அங்கே குத்துக்காலிட்டுக் கையாலேயே தேய்க்கவேண்டும். சாயங்காலம் அவன் திரும்பி வரும்போது முழங்கால்வரை சாம்பல் சேறு காய்ந்து வெடித்திருக்கும். கை தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்தான். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு காலையில் மிஷினைத் தொடுவதற்கே ஒரு குவாட்டர் வேண்டியிருந்தது. சுப்பம்மா மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். அருவாமனைக்கு முன்னால் குந்தி நாள் முழுக்க இறாலும் சங்கராவும் அறுத்தவள், வீட்டுக்கு வந்து இவனிடம் உதை வாங்குவாள். வாங்கின உதையைத் திருப்பியும் கொடுப்பாள், அதையும் சொல்லவேண்டும். அவள் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. கோயிலில் கயிறு கட்டினாள். எவனோ கொடுத்த பொடியைக் கருவாட்டுக் குழம்பில் கலந்து போட்டாள். மூன்று நாள் வாந்தி எடுத்துவிட்டு நாலாம் நாள் எழுந்து கடைக்குப் போனான். கடைசியில் ரத்தமாக வாந்தி எடுத்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே டாக்டர் சுப்பம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆளைத் தூக்கிக்கொண்டு இங்கே வரவேண்டாம், நேராகச் சுடுகாட்டுக்கே போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினாறாம் நாள் அவன் மறுபடியும் குடித்தான்.

இது தொண்ணூற்றாறில். அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே வேதாந்தம் என்கிற வங்கி அதிகாரியின் புது பிளாட்டில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும் அவருக்கு. நெற்றியில் ஒற்றை விபூதிக் கீற்று, சட்டைப் பையில் மூக்குப்பொடி டப்பா, அதிராத பேச்சு. அங்கே நடந்ததை துரைராஜே பிறகு எனக்குச் சொன்னான். பூஜை அறை மூலையைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தவனின் பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்தாராம்.

"துரை, மிஷின் ஓடறச்சே கை நடுங்கறது சரி. அதை நிறுத்தி அரைமணி ஆச்சே. இன்னும் ஏன் நடுங்கறது?"

"வேலை சார். அப்டித்தான் ஆடும்."

"கார்த்தால நீ உள்ள வரச்சேயே நடுங்கித்து. அப்போ மிஷினை நீ தொடவே இல்லையே."

துரைராஜுக்குச் சுருக்கென்றது. கல்லைக் கீழே வைத்துவிட்டு, "வேற ஆள வச்சி போட்டுக்கோ சார்" என்று எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. நான் திட்ட வரலை. எனக்கும் இப்படித்தான் நடுங்கிண்டிருந்தது. பேனாவைப் பிடிச்சுக் கையெழுத்துப் போட முடியாது. எட்டு வருஷமாச்சு நான் அதைத் தொட்டு." உள்ளே சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதன்கிழமை ஆறரைக்கு மந்தைவெளியில ஒரு ஸ்கூலுக்கு வா. சர்ச்சுக்குப் பின்னாடி. ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போறும்."

போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சுகளில் ஆட்டோக்காரர், வக்கீல், போஸ்ட்மேன், கார் வைத்திருப்பவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்களாம். ஒவ்வொருவராகத் தன் பேரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்லி, தன் வண்டவாளத்தைத் தானே பேசினார்களாம். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பேசி முடித்ததும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த புதனும் போனான். அதற்கடுத்த புதனும் போனான். சுப்பம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னாண்ணே இது, சர்ச்சு காம்பவுண்டுக்குள்ள போய்கினு வந்துகினு கீறாரு" என்று என் வாசலில் வந்து நின்றாள். "நாளைக்கி பேர மாத்திகினு வந்து நின்னா எங்க அம்மா வூட்ல நான் இன்னா பதில் சொல்றது?"

"குடிச்சிட்டு வரானா?"

"இல்ல."

"அப்ப அவன் பேர ராபர்ட்டுன்னு மாத்திகினா உனுக்கு இன்னா. சொம்மா கெட."

அவள் சும்மா இருக்கிறவளா. ஒரு புதன்கிழமை பின்னாலேயே போய் ஜன்னலுக்குக் கீழே நின்று காதைக் கொடுத்திருக்கிறாள். வேதாந்தம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

"இங்க யார் வரா, என்ன பேசறான்னு இந்தச் சுவரைத் தாண்டிப் போகாதும்மா. ஆம்படையா, அம்மா, கூடப் பொறந்தவா யாருக்கும் போகாது. அந்த ஒரு தைரியத்துலதான் ஒருத்தன் வாயைத் தொறக்கறான். உங்க ஆத்துக்காரர் இன்னும் நிறைய தொறக்கணும். நீங்க இப்படி நின்னா முடியாது."

சுப்பம்மா அன்றோடு ஜன்னலுக்குப் போவதை விட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசில் எவ்வளவு ஆழத்துக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. என்னிடம் வந்து, "அந்த ஐயரு ரொம்ப நல்ல மாதிரிண்ணே" என்று மட்டும்தான் சொன்னாள்.

நல்ல மாதிரிதான். முதல் ஆறு மாசம் துரைராஜ் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேலை முடிந்து மிஷினை நிறுத்துகிற நேரம் வந்தால் நாக்கு வறண்டு, வியர்த்து, கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். டெலிபோன் பூத்துக்குள் போய் அவருக்குப் போன் போடுவான். "சார், முடியல சார்" என்று இரண்டு வார்த்தை. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவன் எந்தத் தெருவில் இருக்கிறானோ அங்கே வந்துவிடுவார். இரண்டு பேரும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பாலம்வரை நடப்பார்கள். கடலை வாங்கித் தின்பார்கள். நானே பார்த்திருக்கிறேன். சாம்பல் பூசின கால்களோடு இவன், வேட்டி தடுக்கத் தடுக்க அவர். இன்றைக்கு மட்டும் குடிக்காதே, நாளையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பாராம். இப்படியே நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வருஷம் போய்விட்டது. நிஷாவுக்கு ஒரு பாவாடை சட்டை வந்தது. சுப்பம்மாவின் முகத்தில் சதை பிடித்தது. மேலே சொம்பு உருளவில்லை.

ஒரு வருஷம் முடிந்தால் அங்கே அதைப் பிறந்தநாள் என்பார்கள். கேக் வெட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டு மனுஷர்கள் வரலாம். தொண்ணூற்றேழு சித்திரையில் ஒரு புதன்கிழமை, சுப்பம்மா, நிஷா, சுப்பம்மாவின் தம்பி மதிவாணன் மூன்று பேரும் போனார்கள். மதிவாணன் ஆட்டோ ஓட்டுகிறவன். எவனிடமோ ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தான். வேதாந்தம், "போட்டோ வேண்டாம்ப்பா, இங்க வழக்கமில்லை" என்றாராம். நிஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாகூட ஒண்ணே ஒண்ணு அங்கிள்" என்று கேட்டிருக்கிறாள். குழந்தை முகத்தைப் பார்த்து மனுஷர் இளகிவிட்டார். "சரி, ஆத்துல மட்டும் வெச்சுக்கோ" என்று சொல்லி நின்றார்.

சனிக்கிழமை காலையில் மதிவாணன் அந்தப் போட்டோவோடு பிரஸுக்கு வந்தான். எங்கள் பக்கத்தில் ஒருத்தனுக்குக் காதுகுத்து என்றாலும் போஸ்டர் ஒட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"கபாலிண்ணே, மாமாவுக்கு ஒரு போஸ்டர் அடிக்கணும். நூறு காப்பி. சோக்கா இருக்கணும்."

"எதுக்குடா?"

"இன்னாண்ணே எதுக்குன்ற. எலெக்சன்ல நின்னு தோத்தவனுக்கு ஒட்றோம். புதுசா டீக்கடை போட்டவனுக்கு ஒட்றோம். அவனவன் வயசுக்கு வந்த பொண்ணுக்கெல்லாம் ஒட்றான். குடிய வுட்டு ஒரு வருசம் நின்னவனுக்கு ஒட்டக்கூடாதா? அவரு குடிச்சிட்டு வுயுந்து கெடந்தத ஊரே பாத்துது. எயுந்து நின்னத மட்டும் யாரும் பாக்க வாணாமா?"

எனக்கு அவன் கேட்டது நியாயமாகப் பட்டது. பட்டது மட்டுமா, கண்கூடக் கலங்கிவிட்டது. போட்டோவில் மூன்று பேர். துரைராஜ், நடுவில் நிஷா, இந்தப் பக்கம் வேதாந்தம். அச்சுக்கு ஏற்றபடி படத்தைத் தகட்டில் பிளாக் எடுப்பதற்கு அகலம் அதிகமாக இருந்தது.

"ஓரத்துல இந்த ஐயர வெட்டிரலாமாடா?" என்று கேட்டேன். இடம் போதாது என்றுதான் கேட்டேன், வேறு எந்த யோசனையும் எனக்கு இருக்கவில்லை.

"அவர வெட்டாத. அவருதாண்ணே முக்கியம். பேரும் போடு, பெருசா போடு. ஏத்திவுட்ட மனுசன மறந்துட்டாங்கன்னு நாளைக்கி ஒரு பேச்சு வரக்கூடாது பாரு. பேங்க் ஆபீசர்னு போட்டா நமக்கும் ஒரு கெத்து."

நான் பேங்க் ஆபீசர் என்பதை வங்கி அதிகாரி என்று நல்ல தமிழில் திருத்தினேன். பெரிய எழுத்தில் கோர்த்தேன். 'குடியை வென்று ஓராண்டு நிறைவு! கோட்டூர்புரத்தின் தன்மானச் சிங்கம் அண்ணன் துரைராஜ் அவர்களையும், தானும் மீண்டு அண்ணனையும் மீட்ட மயிலாப்பூர் வங்கி அதிகாரி திரு. வேதாந்தம் அவர்களையும் வாழ்த்தி வணங்குகிறோம்.' அதில் 'தானும் மீண்டு' என்பது நான் சேர்த்தது. படிக்க ஓசை நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கோட்டூர்புரம் பாலத்திலிருந்து மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுவரை, பறக்கும் ரயிலுக்கு எழுப்பிய தூண்களில், மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிய சுவர்களில் எல்லாம் துரைராஜ் நின்றான். பக்கத்தில் வேதாந்தம் நின்றார். அவனுக்கு ஒன்றும் தெரியாது. மதிவாணன் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கி, "பாரு மாமா" என்றான். நானும் கூடப் போயிருந்தேன், என் வேலையை நானே பார்க்கிற ஆசையில்.

துரைராஜ் முதலில் சிரித்தான். அதை நான் பொய் சொல்லமாட்டேன். தன் முகத்தைச் சுவரில் அவ்வளவு பெரிசாகப் பார்த்ததும் ஒரு நிமிஷம் சிரித்தான். அவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனான். வேதாந்தம் என்கிற பேர்மேல் விரல் வந்ததும் நின்றுவிட்டது.

"இத்த யாரு போடச் சொன்னது?"

"நான்தான் மாமா. நன்றிக்கு."

"எத்தினி ஒட்டுன?"

"நூறு."

துரைராஜ் அவனை அடிக்கவில்லை. நகத்தால் அந்தப் பேரைச் சுரண்ட ஆரம்பித்தான். மாடு தின்னாமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்ப் பாலிஷ் கல்லையும் ஒரு பக்கெட்டையும் எடுத்துவந்தான்.

அன்றைக்கு முழுக்க நாங்கள் சுரண்டினோம். துரைராஜ், சுப்பம்மா, மதிவாணன், நான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரை அடித்து ஊறவைத்துக் கல்லால் தேய்க்கவேண்டும். மூலையில் தரை தேய்க்கிற அதே தேய்ப்பு. சுப்பம்மா மீன் செதில் எடுக்கிற கத்தியால் சுரண்டினாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் போஸ்டரைப் பார்த்து, துரைராஜைப் பார்த்து, "இன்னா நைனா, உன் போஸ்டர நீயே கியிக்கிற" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மதிவாணனுக்கு எங்கெங்கே ஒட்டினோம் என்று பாதி மறந்துவிட்டது. அழுதுகொண்டே காட்டினான்.

"நல்லதுக்குத்தான மாமா செஞ்சேன்."

"தெரியும்டா. அந்தாண்ட பக்கத்த தேய்."

சாயங்காலத்துக்குள் சுரண்டி எடுத்தது அறுபத்தெட்டு. குளத்துக்கு மேற்கே, அவர் வீட்டு வாசலுக்கு எதிர்ச் சுவரில் இருந்ததை யாரோ எங்களுக்கு முன்பே பாதி கிழித்திருந்தார்கள். துரைராஜின் தலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் ஜன்னல் சாத்தியிருந்தது.

அவருடைய பெண் ஸஹானாவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளை வீட்டார் மந்தைவெளி. ஒன்பது வருஷமாக, பெண்டாட்டி பெண் தவிர ஒரு ஜீவனுக்குத் தெரியாமல் வைத்திருந்ததை அவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்துவிட்டார்கள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டு, கல்யாணம் வேண்டாமென்று திங்கட்கிழமை போனில் சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் எங்களுக்கு வியாழக்கிழமைதான் தெரியும். புதன்கிழமை மீட்டிங்குக்கு அவர் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் ஜுரம் வந்தபோதுகூட வராமல் இருந்ததில்லையாம். துரைராஜ் குட்டை பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனான். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மாடிப்படியிலேயே அவர் மனைவி காமாக்ஷி அம்மாள் நிறுத்திவிட்டார்கள்.

"அவர் ஆத்துலதான் இருக்கார். பாக்கற நிலைமையில இல்லை."

"ஒடம்பு சரியில்லையாம்மா?"

"உங்களுக்குத் தெரியாததா. குடிச்சிருக்கார்."

துரைராஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து வேதாந்தத்தின் குரல் வந்தது. குழறலாக, ஆனால் நன்றாகக் கேட்டது.

"யாரு, துரையா? உள்ள வராதே. வாசனை உனக்கு ஆகாது. போ. இன்னிக்கு நீ போன் பண்ணினா நான் வரமாட்டேன், வேற யாரையாவது கூப்பிடு. போயிடு."

அவன் உள்ளே போகத்தான் பார்த்தான். காமாக்ஷி அம்மாள் குறுக்கே கையை நீட்டினார்கள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. நீங்க மனசாலக் கெட்டது பண்ணலைன்னு தெரியும். ஆனா உங்க முகத்தைத்தான் இந்தத் தெரு பூராவும் பாத்திருக்கு. நீங்க இந்த வாசல்ல வந்து நின்னா அந்தப் போஸ்டரை மறுபடியும் ஒட்டினாப்பல இருக்கு. வராதீங்கோ."

உதவிக்குப் போகிறவனின் முகமே உபத்திரவமாகப் போய்விட்டால் அவன் என்னதான் செய்வான். துரைராஜ் அதற்குப் பிறகு தெருவுக்குள் போகவில்லை. வேலை முடிந்ததும் குளக்கரை மூலையில் வந்து நின்றுவிட்டு வீட்டுக்கு வருவான். மீட்டிங் ஆட்கள் இரண்டு மூன்று பேர் அவரைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கத்திரி வெயில் முடிகிற சமயம், கல்யாணம் நடந்திருக்கவேண்டிய அதே வாரத்தில், வேதாந்தம் குளியலறையில் விழுந்து மண்டையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போய்ச்சேர்ந்தார். துரைராஜுக்குப் புதன்கிழமை மீட்டிங்கில்தான் சொன்னார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

துரைராஜ் குடிக்கவில்லை. எப்படிக் குடிக்காமல் இருந்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு நின்றது. சுப்பம்மா அவன் வேலை செய்கிற இடத்துக்கே மத்தியானம் சோறு கொண்டுபோய், அவன் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். டாக்டர் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. எனக்கும்தான் இருந்தது. அவன் குடித்துச் செத்தால் அதிலும் என் அச்சு இருக்கும்.

ஒரு மாசம் கழித்து, ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் பிளாக் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காமாக்ஷி அம்மாள் இறங்கினார்கள். நெற்றியில் ஒன்றுமில்லை. ஆற்று நாற்றத்துக்கு முகத்தைச் சுளிக்காமல், மூக்கை மூடாமல், என்னைப் பார்த்து "துரைராஜ் வீடு" என்றார்கள். நான் மேலே கூட்டிக்கொண்டு போனேன்.

சுப்பம்மா அடுப்பில் நெத்திலி வைத்திருந்தாள். சட்டியை இறக்கி முறத்தால் மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நிஷாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். துரைராஜ் சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றான்.

"கலர் வாங்கியாரச் சொல்லட்டாம்மா?" என்றாள் சுப்பம்மா.

"ஒண்ணும் வேண்டாம். தண்ணி இருந்தாக் குடுங்கோ, போறும்."

எவர்சில்வர் தம்ளரில் கொடுத்த தண்ணீரைக் கட்டிலில் உட்கார்ந்து முழுக்கக் குடித்தார்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு துரைராஜைப் பார்த்தார்கள்.

"நான் சண்டை போட வரலை. அந்தப் போஸ்டரைப் பத்திப் பேசவும் வரலை. ஸஹானா பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டா. ஆத்துல நான் மட்டும்தான். எனக்கு ஒண்ணு தெரியணும்."

"கேளும்மா."

"ஒன்பது வருஷம் ஒரு புதன்கிழமை விடாம அங்க போயிண்டிருந்தார். போய்ப் பேசுவாராமே. என்ன பேசுவார்?"

துரைராஜ் குனிந்து அந்தத் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"ஆத்துல அவர் பேசவே மாட்டார். குடிச்ச நாள்ல கத்துவார். விட்டப்பறம் அதுவும் இல்லை. சாப்பாடு ஆச்சா, கேஸ் வந்துதா, அவ்வளவுதான். நான் என்னமோ பண்ணிட்டேன், அதான் எங்கிட்ட பேச மாட்டேங்கறார்னு இருந்தேன். அவர் மனசுல என்ன இருந்ததுன்னு எனக்கு இப்பவும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ."

"அத்த சொல்லக்கூடாதும்மா."

"நான் அவர் ஆம்படையா."

"தெரியும்மா."

"அவரே போயாச்சு. இனிமே யாருக்கு என்ன ஆயிடப் போறது?"

"அவுருதாம்மா சொன்னாரு. அந்த செவுத்தத் தாண்டிப் போகக்கூடாதுன்னு. பொஞ்சாதிக்குக்கூட போகக்கூடாதுன்னு."

காமாக்ஷி அம்மாள் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்தார்கள்.

"சரி, என்ன பேசினார்னு சொல்ல வேண்டாம். என்னைப் பத்திப் பேசினாரா, இல்லையா? அது மட்டும். ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு. நான் எழுந்து போயிடறேன்."

துரைராஜ் இரண்டு கையையும் கூப்பினான். தலையை ஆட்டவில்லை, எந்தப் பக்கமும் ஆட்டவில்லை. சுப்பம்மா, "சொல்லேன்யா, பாவம்யா" என்று அழுதாள். எனக்கே அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

அந்த அம்மாள் எழுந்தார்கள். கோபமாகப் பேசவில்லை, கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள்.

"நூறு இடத்துல ஒட்டி ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுதே. எனக்கு ஒருத்திக்குச் சொல்ல மாட்டேளா?"

ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். ஆட்டோ திரும்பிப் போகிற சத்தம்வரை துரைராஜ் கூப்பின கையை இறக்கவில்லை.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடா?" என்று நான் கத்திவிட்டேன். "அந்தம்மா நிம்மதியா போயிருக்கும். பொய்யின்னாலும் சொல்லித் தொலையேன்."

"ஆமான்னா, இன்னா சொன்னாருன்னு கேப்பாங்கண்ணே. இல்லன்னா இங்கியே செத்துருவாங்க."

"அவரு இன்னாதாண்டா சொன்னாரு?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அச்சடிக்கிறவனிடம் எதைச் சொன்னாலும் ஆபத்து என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றினால் தப்பில்லை.

அவன் உடம்பு ஆட ஆரம்பித்தது. கைமட்டும் இல்லை, தோள், தாடை எல்லாம் ஆடியது. நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. சுப்பம்மா பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள்.

"இன்னாயா பண்ணுது?"

"முடியல சுப்பு. இன்னிக்கி குடிச்சிருவேன் போலகீது. கடைக்கி நாலு நிமிசந்தான். போன் போடறதுக்கும் ஆளு இல்ல." கொக்கியில் மாட்டியிருந்த பூட்டை எடுத்து அவள் கையில் திணித்தான். "நீ வெளிய போ. என்ன உள்ள வச்சி பூட்டிரு. நான் கத்துனாலும் தொறக்காத. கெஞ்சுனாலும் தொறக்காத. கால்ல வுயுந்தாலும் தொறக்காத."

"ஐயோ, தனியா வுட்டுட்டா?"

"பூட்டு."

பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கதவுக்கு முதுகைக் கொடுத்துப் படியில் குந்தினாள். அவளை அப்படி விட்டுவிட்டு என்னால் கீழே போக முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் உள்ளே அவன் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். சுப்பம்மாவின் தலை கதவில் இடித்தது. அவள் அசையவில்லை. "தொறடி" என்றான். இன்னொரு தரம் "தொறடி சுப்பு" என்றான். அவள் முந்தானை முடிச்சை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். இப்படி ஒரு கால்மணி போயிருக்கும்.

அப்புறம் உலுக்கல் நின்றது. தரையில் உட்கார்ந்தான் போலிருக்கிறது, குரல் கீழேயிருந்து, கதவுக்கு மிக அருகில் வந்தது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"என் பேரு துரைராஜ். நான் குடிகாரன்."

உள்ளே யாரும் இல்லை. நாலு சுவர்தான். அவன் நிறுத்தாமல் மேலே பேசத் தொடங்கினான். நான் சுப்பம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் எழுந்தாள், நானும் எழுந்தேன். அவன் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு இரண்டு பேரும் படி இறங்கிப் போனோம்.